கொட்டு ஒவ்வாமை: சிகிச்சைக்குப் பின் மனநலம்

பெங்களூரு மாநகரின் தென்கிழக்கே கோரமங்கலாவை ஒட்டி அமைந்துள்ள ஈஜிபுரா ஒரு காலத்தில் கிராமமாக இருந்த பகுதி. இன்று அங்கே குறுகிய தெருக்களும் நெருக்கமான சிறு வீடுகளும் உள்ளன. அவற்றுக்கு அண்மையிலேயே, 1997ஆம் ஆண்டு தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக எழுப்பப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பும், பின்னர் தோன்றிய உயர்ந்த கட்டிடங்கள் பலவும் நிற்கின்றன. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் கலந்து ஒலிக்கும் தெருக்களிலிருந்து வீட்டு வேலைக்கும், காவல் பணிக்கும், வண்ணம் பூசவும், தோட்டம் பராமரிக்கவும் மக்கள் அண்டை அடுக்குமாடிகளுக்குச் செல்கின்றனர்.

பெங்களூருவின் இத்தகைய உயர்ந்த கட்டிடங்களை மனிதர் மட்டுமன்றிப் பெருந்தேனீயும் விரும்புகிறது. கன்னடத்தில் ஹெஜ்ஜேனு என்றும், தமிழில் மலைத்தேனீ, பாறைத்தேனீ என்றும் வழங்கும் இவ்வினம் பெட்டியிலோ பொந்திலோ வாழ்வதில்லை. பாறை விளிம்பின் அடியில் ஒற்றை அடையைத் திறந்த வெளியில் தொங்கவிடுவது அதன் இயல்பு. பால்கனியின் அடித்தளமும் தண்ணீர்த் தொட்டியின் கீழ்ப்பகுதியும் அதற்குப் பாறை விளிம்புகளே. பூக்கள் மிகும் பருவத்தில் வந்து கூடு கட்டும். பருவம் மாறியதும் அடையை விட்டுக் கூட்டமாக நீங்கும்.

ஈஜிபுராவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவுக்குள் இரு பெரும் மருத்துவ நிறுவனங்கள் உள்ளன. ஒன்று 1963இல் தொடங்கப்பட்ட புனித ஜான் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனை. மற்றொன்று ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம். பழைய மனநோய் மருத்துவமனையும் அகில இந்திய மனநல நிறுவனமும் 1974இல் இணைந்து உருவானது. தேனீ கொட்டி மூச்சுத் திணறும் ஒருவரை உறவினர் தூக்கிக்கொண்டு ஓடுவது முதல்வகை மருத்துவமனைக்கே. அங்கு அவர் உயிர் பிழைக்கிறார்; ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார். அதன் பின்னர் அவர் உறக்கமிழந்தாலும், வேலையை விட்டாலும், சன்னலைத் திறக்க அஞ்சினாலும், அது ஒரு மருத்துவச் செய்தியாக எவரிடமும் சென்று சேர்வதில்லை. கொட்டு ஒவ்வாமைக்குச் சிகிச்சை பெற்றோரின் மனநலம் பற்றி உலகின் பிற பகுதிகளில் கடந்த கால் நூற்றாண்டில் கிடைத்துள்ள அறிவு, சிகிச்சையின் வகையும் மனநிலையைப் பாதிக்கக்கூடும் என்பதைக் காட்டுகிறது.

இரு வேறு ஆபத்துகள்

தேனீக்கொட்டினால் விளையும் ஆபத்து இருவகைப்படும். முதலாவது நஞ்சின் அளவைப் பொறுத்தது. கலைக்கப்பட்ட கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கான தேனீக்கள் ஒருவரைக் கொட்டினால், ஒவ்வாமை சிறிதும் இல்லாதவருக்கும் தசைகள் சிதைந்து, சிறுநீரகம் செயலிழக்க நேரிடும். இரண்டாவது, அளவைச் சாராதது. முன்பு ஒருமுறை கொட்டுப் பெற்றபோது அவரது உடல் அந்நஞ்சுக்கு எதிராக ஒரு தனிவகை எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கி வைத்திருக்கிறது. 1966ஆம் ஆண்டையொட்டி இஷிசாகா தம்பதியர் கண்டறிந்த ஐஜிஇ என்பதே அப்புரதம். அடுத்த முறை ஒரே ஒரு தேனீ கொட்டினாலும் சில நிமிடங்களில் உடலெங்கும் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல், இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியவை தோன்றலாம். 1902இல் போர்ட்டியே, ரிஷே என்னும் பிரெஞ்சு அறிஞர்கள் இத்தகைய எதிர்வினைக்கு அனபிலாக்சிஸ் என்று பெயரிட்டனர். இதனைக் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி எனலாம்.

இவ்வேறுபாடு பாடநூலுக்கு மட்டும் உரியதன்று. கூட்டத்திடம் சிக்கி ஐம்பது கொட்டு வாங்கித் தப்பிய காவலாளி, தமக்கு இனி ஒரு கொட்டே எமன் என்று நம்பி வேலையை விடுகிறார். அவருக்கு ஒவ்வாமையே இல்லாதிருக்கலாம். மறுபுறம், ஒரே கொட்டில் மயங்கி விழுந்தவர், உடன் நின்றவர்கள் கேலி செய்வதால், தம் நோயை வெளியே சொல்ல வெட்கப்படுகிறார். தேனீ கொட்டினால் வாதம் நீங்கும் என்ற நாட்டு நம்பிக்கை வலுவாக உள்ள இடங்களில் இக்கேலி எளிதில் பிறக்கிறது. கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவிவிட்டுக் காத்திருப்பதும் அதே நம்பிக்கையின் வேறொரு வடிவமே.

பெரிய வீக்கம் வேறு, ஒவ்வாமை அதிர்ச்சி வேறு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. கொட்டிய கை முழுவதும் வீங்கிச் சில நாள் நீடித்தவருக்கு அடுத்த கொட்டில் உடல் முழுதும் தழுவிய எதிர்வினை வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான். தோலில் மட்டும் தடிப்பு கண்ட குழந்தைகளுக்கும் ஏறத்தாழ அவ்வளவே; அப்படி வந்தாலும் பெரும்பாலும் முன்னதைவிடக் கடுமையாக இராது. கடும் அதிர்ச்சிக்கு உள்ளான பெரியவர்களிலும் எல்லோருக்கும் ஒவ்வொரு கொட்டிலும் அது திரும்புவதில்லை. இந்த எண்களை அமைதியாக எடுத்துச் சொல்வதே சிலருக்குப் பாதி மருந்தாகிவிடும்.

அச்சம், நோயின் அறிகுறியாகவும்

கடும் ஒவ்வாமை அதிர்ச்சியில் பல நோயாளிகள் முதலில் உணர்வது அரிப்போ வீக்கமோ அன்று. இனம் புரியாத மரண பயம். உயிர் பிரியப்போகிறது என்ற திடமான எண்ணம் திடீரெனத் தோன்றுவதை மருத்துவ நூல்கள் இந்நோயின் அறிகுறிகளுள் ஒன்றாகவே குறிப்பிடுகின்றன. ஆகவே, பிழைத்தெழுந்தவர் பின்னாளில் அந்நிகழ்ச்சியை நினைக்கும்போது ஒரு விபத்தை மட்டும் நினைவுகூர்வதில்லை. தம் சாவைத் தாமே கண்ட ஓர் அனுபவத்தை நினைவுகூர்கிறார். அந்நினைவு கனவிலும் நனவிலும் அழையாமல் வந்து நிற்பது வியப்புக்குரியதன்று.

இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. அதிர்ச்சிக்கு முதன்மையான மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்புறத் தசையில் அது செலுத்தப்பட்டதும் இரத்த நாளங்கள் சுருங்கி அழுத்தம் உயர்கிறது, மூச்சுக்குழல் விரிகிறது. ஆனால் அதே மருந்து நெஞ்சைப் படபடக்கச் செய்கிறது, கைகால்களை நடுங்க வைக்கிறது, மனத்தில் கலக்கத்தை மூட்டுகிறது. பயந்தவனின் உடல் இயற்கையாகச் சுரப்பதும் இதே பொருள்தான். உயிர் காத்த ஊசியே அச்சத்தின் உடற்கூறுகளை எல்லாம் உண்டாக்கிவிடுகிறது என்று முன்கூட்டிச் சொல்லப்படாத நோயாளி, மருந்து தமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு செய்து, அடுத்த முறை அதனை மறுக்கக்கூடும்.

மாதங்கள் சென்ற பின், பேருந்திலோ சமையலறையிலோ ஈ ஒன்று காதருகே பறந்தால் போதும். நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், விரல்கள் மரத்துப்போகும், தொண்டை அடைப்பதுபோல் தோன்றும். இது அனபிலாக்சிஸா, பீதித் தாக்கமா? இரண்டையும் பிரித்தறிவது மருத்துவருக்கே சில வேளை கடினம். எனினும் வழிகாட்டும் குறிகள் சில உண்டு. தோலில் தடிப்பு, உதடும் கண்ணிமையும் வீங்குதல், மூச்சை வெளிவிடுகையில் சீழ்க்கை ஒலி, வாந்தி, இரத்த அழுத்தம் இறங்கி மயங்குதல் ஆகியவை பீதியில் வருவதில்லை. பீதியில் இரத்த அழுத்தம் பெரும்பாலும் இறங்குவதற்கு மாறாக ஏறுகிறது. அனுபவத்தில் மிக எளிதான கேள்வி, உண்மையில் கொட்டு விழுந்ததா என்பதே. கொட்டு விழுந்திருந்து ஐயமும் இருந்தால், ஊசி போட்டுக்கொள்வதே பாதுகாப்பு. உடல்நலமுள்ள ஒருவருக்குத் தேவையின்றி ஒருமுறை தசையில் போடப்பட்ட உரிய அளவு அட்ரினலின் பெரும்பாலும் சிறிது நேர நடுக்கத்துடன் முடிந்துவிடும். தேவையுள்ளவருக்குத் தாமதமான அட்ரினலின் உயிரைப் பறிக்கும்.

பதற்றத்துக்கு மருந்து எழுதும் மருத்துவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. படபடப்புக்கும் கை நடுக்கத்துக்கும் நம் நாட்டில் புரோபிரனலால் என்னும் மாத்திரை பரவலாகத் தரப்படுகிறது. அது அட்ரினலின் செயற்படும் வாயில்களையே அடைப்பது. இம்மாத்திரையை உண்பவருக்குக் கடும் அதிர்ச்சி நேர்ந்தால் அட்ரினலின் எதிர்பார்த்த பயனைத் தராமற் போகலாம். பழைய மனச்சோர்வு மருந்துகள் சிலவோ, மாறாக, அட்ரினலினின் விளைவை மிகுவிக்கின்றன. இவற்றைத் தவிர்த்து வேறு வழிகளில் பதற்றத்தைத் தணிக்க இயலும். ஆனால் மனநல மருத்துவரிடம் செல்பவர், தமக்குத் தேனீ ஒவ்வாமை உண்டென்று சொல்லத் தோன்றாமல் இருப்பதும், அவர் அதைக் கேட்கத் தோன்றாமல் இருப்பதும் இயல்பே. உடலுக்கு ஓர் அட்டை, மனத்துக்கு வேறோர் அட்டை என்று நோயாளியின் குறிப்புகள் பிரிந்து கிடப்பதன் விளைவு இது.

ஒதுங்குதலின் விலை

கொட்டுக்கு அஞ்சுபவர் கையாளும் முதல் உபாயம் ஒதுங்குதல். பூங்காவுக்குப் போவதில்லை, மாடியில் துணி உலர்த்துவதில்லை, பழக்கடையைக் கண்டால் எதிர்ப்புறம் நடப்பது, குழந்தையை விளையாட விடாமல் வீட்டுக்குள் வைத்துக்கொள்வது. ஒவ்வோர் ஒதுங்குதலும் அந்நேரத்துக்கு நிம்மதி தருகிறது. அந்நிம்மதியே, ஒதுங்கியதால்தான் பிழைத்தோம் என்ற நம்பிக்கையை உறுதிப்படுத்தி, அச்சத்தை மேலும் வளர்க்கிறது. ஓராண்டுக்குள் அவரது உலகம் ஓர் அறையளவுக்குச் சுருங்கிவிடவும் கூடும்.

வசதியுள்ளவருக்கு இவ்வாறு ஒதுங்குவது மனத்துயரம் மட்டுமே. உடலுழைப்பால் வாழ்பவருக்கு அது வருமான இழப்பு. கயிற்றில் தொங்கி வெளிச்சுவருக்கு வண்ணம் பூசுபவர், அடைக்கு அருகில் செல்ல மறுத்தால் அன்றையக் கூலி இல்லை. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் இது இன்னும் கூர்மையான வடிவில் காணப்படுகிறது. அங்கே குளவிக் கொட்டு என்பது தமிழ் நாளேடுகளில் அடிக்கடி இடம்பெறும் சொல். கொழுந்து பறிக்கும் பெண்கள் கூட்டமாகக் கொட்டுக்கு இலக்காகி மருத்துவமனையில் சேர்க்கப்படுவதும், சிலர் உயிரிழப்பதும் வாடிக்கையான செய்தி. பிழைத்தவர் மறுவாரம் அதே மலைச்சரிவுக்கு, அதே நிரைக்குத் திரும்பியாக வேண்டும். அஞ்சுகிறேன் என்று சொல்வதற்கு அவருக்கு இடமில்லை. தமிழ்நாட்டின் காவிரிப் பகுதிகளில் கதண்டு என வழங்கும் பெருங்குளவிக்கு அஞ்சும் வயல் தொழிலாளியின் நிலையும் இதனை ஒத்ததே.

அடுக்குமாடிகளில் வேறொரு பூசல் எழுகிறது. அச்சமுற்றவர் கூட்டை அழிக்கச் சொல்கிறார். அயலார் சிலர் மகரந்தச் சேர்க்கைக்குத் தேனீ தேவை என்கின்றனர். இரு தரப்பும் தத்தம் அளவில் நியாயம் பேசுகின்றன. ஆனால் இரவில் புகையிட்டோ பூச்சிமருந்து தெளித்தோ கூட்டைக் கலைப்பது, பல வேளைகளில் கொட்டு நிகழ்ச்சிகளுக்குக் காரணமாகிறது. பயிற்சி பெற்றோரைக் கொண்டு அடையை அகற்றுவது, அல்லது பருவம் முடியும்வரை அப்பால்கனியை மூடி வைத்து விளக்கை அணைத்து வைப்பது ஆகிய இரண்டே தக்க வழிகள். பெருந்தேனீ நிலவொளியிலும் பறக்கும் இனம். இரவு விளக்குகளை நாடி வீட்டுக்குள் நுழையும் தன்மை அதற்குண்டு. ஒவ்வாமை உள்ளவர் இருக்கும் வீட்டில் எரியும் ஒரு விளக்கின் இடத்தை மாற்றுவதே, பல அறிவுரைகளைவிட அவருக்கு நல்ல உறக்கத்தைத் தரலாம்.

பொய்யான துணிவும் மெய்யான துணிவும்

ஒவ்வாமையின் மூலத்தையே மாற்றும் சிகிச்சை ஒன்று உண்டு. நஞ்சை மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தி ஊசிவழி செலுத்தி, உடலை அதற்குப் பழக்குவது அதன் அடிப்படை. 1911இல் இலண்டனில் நூன் என்பவர் மகரந்த ஒவ்வாமைக்கு இம்முறையைக் கையாண்டார். கொட்டும் பூச்சிகளுக்கு இது பயன்படுத்தப்பட்ட வரலாற்றில் ஒரு நீண்ட தவறு அடங்கியுள்ளது. 1930 தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்காலம், நஞ்சுக்குப் பதிலாகப் பூச்சியின் முழு உடலையும் அரைத்தெடுத்த சாறே ஊசியாகப் போடப்பட்டது. நஞ்சைத் தனியே பிரித்துப் பயன்படுத்த வேண்டும் என்று மேரி லவ்லெஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1950களிலேயே வற்புறுத்தியும் பெரும்பாலோர் செவிசாய்க்கவில்லை.

1978இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் இதனைச் சோதனைக்கு உள்ளாக்கினர். நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு நஞ்சும், ஒரு பிரிவினருக்கு முழுவுடற் சாறும், மூன்றாம் பிரிவினருக்கு மருந்தற்ற நீர்மமும் தரப்பட்டு, பின்னர் மருத்துவமனையிலேயே பூச்சியைக் கொண்டு கொட்ட வைக்கப்பட்டது. நஞ்சு பெற்ற 18 பேரில் ஒருவருக்கே எதிர்வினை வந்தது. முழுவுடற் சாறு பெற்ற 11 பேரில் 7 பேருக்கும், வெறும் நீர்மம் பெற்ற 12 பேரில் 7 பேருக்கும் வந்தது. அரை நூற்றாண்டாக மக்கள் நம்பிப் போட்டுக்கொண்ட ஊசி வெறும் நீருக்குச் சமம் என்பது வெளிப்பட்டது. மறு ஆண்டே நஞ்சு மருந்துகளுக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் வழங்கியது.

மனநல நோக்கில் இவ்வரலாறு ஒரு கேள்வியை எழுப்புகிறது. முழுவுடற் சாறு பெற்றோரும் துணிவுடன்தான் நடமாடினர். அவர்களது மனம் தேறியது, உடல் தேறவில்லை. மனநிறைவை மட்டும் அளந்து ஒரு சிகிச்சையை மெச்சுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எனவே, துணிவு என்பது பாதுகாப்பின் விளைவாக வரவேண்டும். பாதுகாப்புக்கு மாற்றாக அன்று.

2012இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு அதுவரை நடந்த தக்க ஆய்வுகளைத் தொகுத்தது. நஞ்சுச் சிகிச்சை பெற்றோரில் பின்னர் கொட்டுப் பட்டபோது உடல் தழுவிய எதிர்வினைக்கு உள்ளானோர் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. பெறாதோரில் அது ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது. வாரந்தோறும் தொடங்கி, பின் மாதம் ஒருமுறை என மூன்று முதல் ஐந்தாண்டு வரை இச்சிகிச்சை நீள்கிறது. நிலையான அளவாகிய 100 மைக்ரோகிராம், ஏறத்தாழ ஓரிரு தேனீக்கள் செலுத்தும் நஞ்சுக்கு ஈடானது. யாதொன்றுக்கு நோயாளி அஞ்சுகிறாரோ அதையே ஒவ்வொரு முறையும் உடலில் ஏற்றுக்கொள்கிறார். ஊசிக்குப் பின் அரைமணி நேரம் மருத்துவமனையில் அமர்ந்திருக்க வேண்டும்; சிலருக்குச் சிகிச்சையின் நடுவிலேயே எதிர்வினை வருவதும் உண்டு. தொடக்க வாரங்களில் அச்சம் குறைவதற்குப் பதில் கூடலாம் என்பதை முன்னரே சொல்லாத இடங்களில், பாதியில் கைவிடுவோர் உண்டாகின்றனர்.

ஒரே நோய், இரு மருந்து

ஊசியைத் தாங்கியவரின் வாழ்க்கைத் தரத்தை முறையாக அளந்தவர்கள் ஹாலந்து நாட்டின் குரோனிங்கன் நகர மருத்துவர்கள். குளவி ஒவ்வாமைக்கென்றே அவர்கள் ஒரு வினாத்தாளை உருவாக்கினர். வெளியில் உண்ணும்போது எவ்வளவு கவலை, தோட்டத்தில் எவ்வளவு எச்சரிக்கை, திட்டமிட்ட பயணத்தைக் கைவிட்டதுண்டா என்பன போன்ற அன்றாடக் கேள்விகளே அதில் இருந்தன. பின்னர் கடும் எதிர்வினைக்கு உள்ளானோரை இரு பிரிவாகப் பகுத்து, ஒரு பிரிவினருக்கு நஞ்சுச் சிகிச்சையும், மற்றொரு பிரிவினருக்குக் கையில் வைத்துக்கொள்ளும் தானியங்கி அட்ரினலின் ஊசியும் தந்தனர். 2002இல் வெளியான முடிவின்படி, நஞ்சுச் சிகிச்சை பெற்றோரின் வாழ்க்கைத் தரம் தெளிவாக உயர்ந்தது. அட்ரினலின் ஊசியை மட்டும் பெற்றோரின் நிலை உயரவில்லை என்பதோடு, சிறிது தாழ்ந்தும் போனது.

இம்முடிவு முதலில் வியப்பளிக்கலாம். உயிர்காக்கும் கருவியைக் கையில் கொடுத்தால் மனம் ஏன் தளர வேண்டும்? காரணம் எளிது. நஞ்சுச் சிகிச்சை, நேரக்கூடிய ஆபத்தை நீக்குகிறது. ஊசியோ, ஆபத்து நேரும் என்பதை நாள்தோறும் நினைவூட்டுகிறது. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தல், காலாவதி நாளைக் கவனித்தல், எடுக்க மறந்து பாதிவழியிலிருந்து திரும்பி வருதல், தனியே இருக்கையில் நேர்ந்தால் கை நடுங்காமல் போட்டுக்கொள்வோமா என்ற ஐயம் ஆகியவை ஒன்றுசேர்ந்து நோயை மறக்கவே விடுவதில்லை.

ஜெர்மனியில் 2013இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொரு படி சென்றது. சிகிச்சை பெற்றுவரும் நோயாளிகளை மருத்துவர் மேற்பார்வையில் உயிருள்ள குளவியைக் கொண்டு கொட்ட வைத்தபோது, எதிர்வினையின்றித் தாங்கியவர்களின் வாழ்க்கைத் தரம் மேலும் உயர்ந்தது. மருத்துவர் சொல்லால் வராத நம்பிக்கை, தம் தோலின் மேல் கண்டபோது வந்தது. தீவிர சிகிச்சைக்கான வசதியோடு மட்டுமே செய்யத்தக்க சோதனை இது. எவரும் வீட்டில் முயலக்கூடாது.

தேனீ வளர்ப்போரிடம் இச்சிகிச்சை தரும் விடுதலை தனியானது. ஆண்டுக்கு இருநூறு முறைக்கு மேல் கொட்டுப் பெறுவோரிடம் ஒவ்வாமை அரிது. இருபத்தைந்துக்கும் குறைவாகப் பெறுவோரிடமே மிகுதி. குமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம் போன்ற தேனீ வளர்ப்பு மையங்களில், தொழிலில் புதிதாக இறங்கியவர்களும், பெட்டிகளுக்கு அருகில் வாழ்ந்தும் அரிதாகவே கொட்டுப்படும் குடும்பத்தினரும்தான் கவனிக்கப்பட வேண்டியவர்கள்.

இந்தியாவின் நிலை

மேலை நாடுகளில் தயாராகும் நஞ்சு மருந்துகள் ஐரோப்பியத் தேனீக்கும் அங்குள்ள குளவிகளுக்கும் உரியவை. நம் நாட்டில் பலரைக் கொட்டுவது பெருந்தேனீ. இவ்விரு தேனீக்களின் நஞ்சிலும் பாஸ்போலிப்பேஸ் என்னும் நொதி முதன்மையான ஒவ்வாமைப் பொருளாக இருப்பதால் ஓரளவு பொதுத்தன்மை உண்டு. இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தார் இத்துறையில் ஆய்வு செய்துள்ளனர். எனினும், உள்ளூர்ப் பூச்சியின் நஞ்சைக் கொண்ட மருந்து சாதாரண நோயாளிக்கு எட்டும் நிலையில் இல்லை. பாம்புக் கடிக்கு உள்ளதுபோன்ற முறிமருந்தும் தேனீக்கொட்டுக்கு வழக்கில் இல்லை. தானியங்கி அட்ரினலின் ஊசியும் நம் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதன்று.

மலிவாகவும் தாராளமாகவும் கிடைப்பது ஒரு மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பியில் அடைத்த ஒரு மில்லிகிராம் அட்ரினலின். அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது. ஆனால் நோயாளி தாமே குப்பியை உடைத்து, ஊசிக்குழலில் உறிஞ்சி, அளவு பார்த்துப் போட்டுக்கொள்வது எளிய செயலன்று. கனடாவில் 2001இல் வெளியான ஆய்வொன்றில், குழந்தைக்குரிய அளவைக் குப்பியிலிருந்து எடுக்கப் பெற்றோர் சராசரியாக 142 வினாடி எடுத்துக்கொண்டனர். அவசரப் பிரிவுச் செவிலியர்க்கு 29 வினாடியே ஆயிற்று. பெற்றோர் எடுத்த மருந்தின் அளவும் ஒருவருக்கொருவர் நாற்பது மடங்கு வரை வேறுபட்டது. இப்பெற்றோர் பயிற்சி அறையில் அமைதியாக அமர்ந்திருந்தவர்கள்; மூச்சுத் திணறும் குழந்தை அவர்கள் எதிரில் இல்லை. கையில் குப்பி இருந்தும் மனம் அமைதி கொள்ளாத தாயின் அச்சம், ஆகவே, மிகையானது அன்று.

உள்ளூர்ப் பூச்சிக்கு உள்ளூரிலேயே மருந்து செய்ய இயலும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியா சான்றாக உள்ளது. ஜாக் ஜம்பர் என்னும் அத்தீவின் எறும்பு கொட்டிப் பலர் அதிர்ச்சிக்கு உள்ளாயினர். உலகச் சந்தையில் அந்த எறும்பின் நஞ்சுக்கு வணிக மதிப்பு ஏதுமில்லை. அங்குள்ள மருத்துவர்கள் தாங்களே நஞ்சைத் திரட்டிச் சிகிச்சை வகுத்தனர். 2003இல் வெளியான ஆய்வில், மருந்தற்ற ஊசி பெற்று எறும்பால் கொட்டப்பட்ட 29 பேரில் 21 பேர் எதிர்வினைக்கு உள்ளாயினர். நஞ்சுச் சிகிச்சை பெற்றோரில் எவருக்கும் கடும் எதிர்வினை நேரவில்லை. ஹோபார்ட் அரச மருத்துவமனை அதனைப் பொதுத்துறைத் திட்டமாகவே ஏற்றது. தமிழ்நாட்டில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் முறிமருந்து உற்பத்திக்குப் பாம்பு நஞ்சை அளித்து வருகிறது. தேனீயைக் கொல்லாமல் மெல்லிய மின்னூட்டத்தால் நஞ்சு திரட்டும் முறையும் நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. அறிவும் ஆளும் இல்லாத துறை அன்று இது.

வீடு திரும்பும் நாள்

அத்தகைய மருந்து வரும்வரை செய்யத்தக்கவை சில உண்டு. அவை பெரும்பாலும் செலவற்றவை. நோயாளியின் வெளியேற்றச் சீட்டில், நேர்ந்தது ஒவ்வாமையா நஞ்சின் மிகுதியா என்பது அவருக்குப் புரியும் மொழியில் எழுதப்பட வேண்டும். ஈஜிபுரா போன்ற இடத்தில் அம்மொழி கன்னடமாகவோ தமிழாகவோ உருதுவாகவோ இருக்கலாம். குப்பியும் ஊசிக்குழலும் தரப்படுமாயின், பெரியவருக்கு அரை மில்லிகிராம் என்ற கோட்டை ஊசிக்குழலில் மையால் குறித்துத் தந்து, வெறும் உப்புநீரைக் கொண்டு அவரும் அவர் வீட்டார் ஒருவரும் செவிலியர் முன்னிலையில் பலமுறை எடுத்துப் பழக வேண்டும். மருந்தை வெயிலிலும் குளிர்சாதனப் பெட்டியிலும் வைக்கலாகாது. நிறம் மாறினால் எறிந்துவிட வேண்டும். கொட்டியதும் கொடுக்கை எப்படியாயினும் உடனே பிடுங்கிவிடுவது நலம். விரலால் எடுப்பதா வழிப்பதா என்று ஆராய்ந்து நேரம் போக்கத் தேவையில்லை. ஊசி போட்டதும் காலை உயர்த்திப் படுத்து, 108 ஊர்திக்குச் சொல்லியனுப்ப வேண்டும். எழுந்து நடப்பது ஆபத்து. மூச்சுத் திணறல் மிகுந்தால் மட்டும் சாய்ந்து அமரலாம்.

மனநிலையைக் கேட்டறிய நீண்ட வினாத்தாள் தேவையில்லை. ஒரு மாதம் கழித்து வரச்சொல்லி, உறக்கம் எப்படி, கனவு வருகிறதா, வேலைக்குப் போகிறீர்களா, செய்து வந்தவற்றில் எதை நிறுத்தினீர்கள் என்று கேட்டால் போதும். நிறுத்தியவற்றின் பட்டியல் நீண்டிருந்தால் உதவி தேவை. படிப்படியாக அச்சப் பொருளை அணுகச் செய்யும் நடத்தைச் சிகிச்சை இதற்குப் பயன்படும். ஆனால் இங்கே பொருள் உண்மையாகவே ஆபத்தானது என்பதால், சிலந்திக்கு அஞ்சுபவரை நடத்துவதுபோல் இவரை நடத்தலாகாது. தேனீயைத் தொடத் துணிவது குறிக்கோளன்று. கையில் மருந்துடன் மாடிக்குச் சென்று துணி உலர்த்தத் துணிவதே குறிக்கோள். ஒவ்வாமை மருத்துவரும் மனநல ஆலோசகரும் எது உண்மையான ஆபத்து என்பதில் முதலில் ஒருமித்தாக வேண்டும்.

1982இல் தொடங்கிய தேசிய மனநலத் திட்டம், மனநலப் பணியைப் பொது மருத்துவத்துடன் இணைப்பதையே நோக்கமாகக் கொண்டது. மாவட்ட அளவில் அதனைச் செயற்படுத்தும் முறையைப் பெல்லாரியில் வகுத்துக் காட்டியது நிம்ஹான்ஸ். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவை, 14416 என்ற எண்ணில் தமிழும் கன்னடமும் உட்படப் பல மொழிகளில் கட்டணமின்றிப் பேச வாய்ப்பளிக்கிறது. அதன் தலைமை மையமும் ஈஜிபுராவுக்கு அண்மையிலுள்ள அதே நிம்ஹான்ஸ்தான். வெளியேற்றச் சீட்டின் அடியில் இந்த எண்ணை அச்சிடுவதற்கு ஒரு வரி இடம் போதும். கொட்டுப்பட்ட காவலாளியோ வீட்டு வேலை செய்யும் பெண்ணோ, பருவம் மாறி ஹெஜ்ஜேனு மீண்டும் பால்கனிக்கு வந்துவிட்ட ஓர் இரவில், அச்சீட்டை எடுத்துப் பார்க்கக்கூடும்.